வீதியைப் பார்க்கக் கற்பிக்கும் நூல்கள்

(பேத்தமங்களாவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், படிப்பகக் குழுவின் சார்பில் படிக்கப்பெற்ற உரை)

 

புகைப்பட நூல்களைப் பற்றி இம்மேடையில் பேசவேண்டும் என்று செயற்குழுவினர் எங்களைப் பணித்தபோது நாங்கள் முதலில் தயங்கினோம். தமிழர் ஒன்றுகூடும் விழாவில் இலக்கியம் பேசலாம், இசை பேசலாம், ஊர்ப் பொதுக் காரியம் பேசலாம். காமிராவைப் பற்றிப் பேச இங்கு என்ன இடம் என்று கேட்போர் இருப்பர். ஆயினும் சென்ற ஆண்டு விழாவில் இதே மண்டபத்தில் நிகழ்ந்த ஒன்று எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதனாலேயே இப்பொறுப்பை ஏற்றோம்.

சென்ற ஆண்டு நம் இளைஞர்கள் இந்தச் சுவரோரமாக ஒரு கொடிக்கயிறு கட்டி, துணி காயவைக்கும் கிளிப்புகளால் 40 படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் நம் தெருக்களில் எடுத்தவை. ஏரிக்கரையில் ஆடு ஓட்டிச் செல்பவர், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை, மழையில் ஒரே குடைக்குள் நான்கு பள்ளிச் சிறுமியர் எனப் பலவும் இருந்தன. அவற்றுள் எல்லாரும் நின்று பார்த்தது ஒரு படம். குழாயடியில் வரிசையாக வைத்த குடங்களுக்கு நடுவே, உட்கார்ந்தபடியே உறங்கிப்போன ஒரு மூதாட்டியின் படம் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தங்க வயலுக்கே தண்ணீர் அனுப்பிய ஏரி நம்முடையது. அவ்வேரியின் ஊரிலே ஒரு குடம் நீருக்காகக் காத்திருந்து உறங்கிவிட்ட முகத்தைக் காண்கையில், பார்த்தவர் பலர் பேச்சற்று நின்றனர். நாங்களும் நின்றோம்.

மாலையில் பேத்தியின் நடனத்தைக் காண அந்த மூதாட்டியே மண்டபத்துக்கு வந்தார். கயிற்றில் தம் முகத்தைக் கண்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “என்னைக் கேக்காம என் மொகத்தை எதுக்குப்பா இங்க மாட்டி வெச்சீங்க? தூங்கறப்போ ஒருத்தரைப் படம் புடிக்கலாமா?” என்று கேட்டார். மறுமொழி சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. படம் உடனே இறக்கப்பட்டது. அதை எடுத்த கல்லூரி மாணவர் அன்று முதல் காமிராவைத் தொடவில்லை. சில நாள் கழித்து எங்கள் படிப்பகத்துக்கு வந்து, “நல்ல படம் எடுத்தது குற்றமா, அண்ணா?” என்று அவர் வினவினார்.

இருவருடைய கேள்விக்கும் எங்களிடம் விடை இல்லை. விடை தெரியாதவன் நூலகம் போவதே நம் முன்னோர் வழக்கம் ஆதலின், ஓராண்டுக் காலம் இத்துறை நூல்களைத் தேடினோம். சிலவற்றை விலைக்கு வாங்கினோம். சிலவற்றை இரவல் பெற்றோம். மிகுந்த விலையுடையவற்றைப் பெங்களூருக்கு ரயிலேறிச் சென்று அங்கேயே அமர்ந்து பார்த்தோம். அவ்வாறு பார்த்தவற்றுள், தெருவில் படமெடுக்க விரும்பும் நம் பிள்ளைகள் பார்க்கவேண்டியவை என்று எங்களுக்குத் தோன்றியவற்றை மட்டும் இங்கே கூறுகிறோம்.

வீதிப் புகைப்படம் என்பது யாது? ஸ்டூடியோவில் திரை கட்டி, நாற்காலி போட்டு, தலைவாரி எடுப்பது அன்று. பொது இடத்தில், யாரையும் நிற்கவைக்காமல், வாழ்க்கை நடக்கும்போதே எடுப்பது. எளிதுபோல் தோன்றும். கைப்பேசி வந்தபின் எல்லார் கையிலும் காமிரா இருப்பதால் இன்னும் எளிதுபோல் தோன்றுகிறது.

இத்துறையில் முதலிற் கூறப்படும் பெயர் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி கார்ட்டியே பிரஸ்ஸோன் என்பதாகும். 1952இல் பாரிசிலும் நியூயார்க்கிலும் அவருடைய பெருநூல் வெளிவந்தது. 126 படங்கள், அட்டையை வரைந்தவர் ஓவியர் மத்தீஸ். ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயர் ‘தி டிசைசிவ் மொமென்ட்’. தீர்மானிக்கும் கணம் என்று அதற்குப் பொருள் கூறலாம். உலகம் அப்பெயரையே பிடித்துக்கொண்டது. எங்களுக்கோ பிரெஞ்சுத் தலைப்பே உண்மைக்கு அணித்தாகத் தோன்றுகிறது. ‘இமாஜ் ஆ லா சோவெத்’ என்பது அது. உரிமம் இல்லாமல் நடைபாதையில் துணி விரித்துக் கடை போட்டு, போலீஸ்காரரைக் கண்டதும் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறாரே ஒரு வியாபாரி, அவருடைய வியாபாரத்தைக் குறிக்கப் பிரெஞ்சு மக்கள் வழங்கும் தொடர் அது. அவசரமாக, சற்றுத் திருட்டுத்தனமாக, ஓடுவதற்கு ஆயத்தமாக எடுத்த படங்கள் என்று நூலாசிரியர் தம் நூலுக்கே பெயர் வைத்திருக்கிறார். கேட்காமல் எடுப்பதில் ஒரு குறுகுறுப்பு உண்டு என்பதை இத்துறையின் பேராசான் தம் நூலின் நெற்றியிலேயே எழுதிவைத்தார் என்பது எங்களுக்கு வியப்பாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

அந்நூலில் உள்ள ஒரு படத்தைப் பற்றி மட்டும் விரித்துரைக்க விரும்புகிறோம். 1932இல் பாரிசில் ஒரு ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்தது. மழைநீர் குளமாய்த் தேங்கிக் கிடக்கிறது. நீரில் கிடக்கும் ஓர் ஏணியிலிருந்து ஒருவர் தாவுகிறார். குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. கீழே அவர் நிழல் தலைகீழாகத் தாவுகிறது; பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனமாது அதேபோல் தாவுகிறாள். அவ்வளவே. மழைக்காலத்தில் நம் காலனித் தெருவில் நாள்தோறும் நாம் செய்யும் தாவல்தான். அந்த மனிதரின் முகம் படத்தில் தெரியவில்லை என்பதை எங்கள் குழுவில் ஒருவர் பலமுறை பார்த்தபின்னரே கவனித்தார். ஒருவருடைய முகத்தைப் பறிக்காமலும் அவருடைய வாழ்வில் ஒரு கணத்தைப் பெறமுடியும் என்பதற்கு அப்படம் சான்று. ஆனால் இவரும் உறங்குவோரைப் படமெடுத்தவரே. அதை மறைத்துப் புகழ்வது எங்கள் நோக்கம் அன்று.

1952ஆம் ஆண்டுப் பதிப்பு இன்று அரும்பொருள் ஆகிவிட்டது. 2014இல் ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. அதுவும் விலை மிகுந்ததே. இந்தியாவில் அவர் எடுத்த படங்கள் 1987இல் சத்யஜித் ராயின் முன்னுரையோடு தனி நூலாக வந்தன. நம் பிள்ளைகள் அதிலிருந்து தொடங்குவது நலம். காந்தியடிகளை அவர் சுடப்பட்ட நாளில், அதற்குச் சற்று முன்னர் சந்தித்தவர் இவர். 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி மறைந்த இரவில் திருவண்ணாமலையில் இருந்தவரும் இவரே. நம்முள் பலருடைய பாட்டன்மார் புறப்பட்டு வந்த பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்து மண்ணிலே அவர் நடந்திருக்கிறார் என்று எண்ணும்போது, அந்நூல் அயலார் நூலாகத் தோன்றவில்லை.

அடுத்து ராபர்ட் ஃபிராங்க் என்பவரின் ‘தி அமெரிக்கன்ஸ்’. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், 1955இல் கிடைத்த ஓர் உதவித்தொகையைக் கொண்டு, பழைய மோட்டார் வண்டியில் அந்நாடு முழுதும் சுற்றினார். எடுத்தவை ஏறத்தாழ 27,000 படங்கள். நூலில் சேர்த்தவை 83. இவ்விரண்டு எண்களையும் நம் இளைஞர்கள் தம் கைப்பேசியின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்! எடுப்பதைவிடத் தள்ளுவதே பெரிய கல்வி. 1958இல் பாரிசிலும் 1959இல் அமெரிக்காவிலும் அது வெளிவந்தபோது, நாட்டை இழிவுபடுத்திவிட்டார் என்று அங்கே சிலர் சினந்தனர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டிராம் வண்டி ஒன்றின் படம் அதில் உண்டு. ஒவ்வொரு சாளரத்திலும் ஒரு முகம். முன்னே வெள்ளையர், பின்னே கறுப்பர். வண்டியே ஒரு நாட்டின் சட்டத்தை நமக்குப் படித்துக் காட்டுகிறது. குடியேறி வந்தவன் கண்ணுக்குத்தான் உள்ளூரார் பார்த்துப் பழகி மறந்தது தெரியும் போலும். நாமும் குடியேறி வந்தவர் வழியினரே.

நம் நாட்டுக்கு வருவோம். ஜெய்ப்பூரில் 1942இல் பிறந்த ரகுபீர் சிங், கார்ட்டியே பிரஸ்ஸோனின் படங்களைக் கண்டு இத்துறைக்கு ஈர்க்கப்பட்டவர். ஆனால் குருவின் கறுப்பு வெள்ளையை அவர் ஏற்கவில்லை. வண்ணம் இல்லாமல் இந்தியாவைப் பார்க்கமுடியாது என்பது அவர் கொள்கை. 1999இல் மறையும் வரை அதிலிருந்து அவர் விலகவில்லை. ‘ரிவர் ஆஃப் கலர்’ என்ற தொகுப்பு 1998இல் வந்தது. தமிழ்நாட்டைப் பற்றியும் அவர் ஒரு தனி நூல் வெளியிட்டார். மறைந்தபின் 2002இல் வந்த ‘எ வே இன்டு இந்தியா’ எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் அதில் அம்பாசிடர் கார் ஒன்றே கதாநாயகன். அதன் சாளரம், அதன் கதவு, அதன் கண்ணாடி ஆகியவற்றின் வழியே தெரியும் இந்தியா. ஒரே பொருளைச் சட்டமாக வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே காட்டலாம் என்று அது கற்பிக்கிறது. நம்மவர்க்கு அம்பாசிடர் வேண்டா, குழாயடி போதும்.

இனி, நம் மாநிலத்தவரான மைசூர் டி. எஸ். சத்யன். 1923இல் பிறந்து 2009இல் மறைந்தவர். 1948இல் தொடங்கிய டெக்கான் ஹெரால்ட் நாளிதழில் பணியாற்றியவர். 1977இல் பத்மஸ்ரீ பெற்றவர். 2005இல் வெளிவந்த ‘அலைவ் அண்ட் கிளிக்கிங்’ என்ற அவருடைய நினைவு நூலைத்தான் இவ்வுரையில் கூறும் எல்லா ஆங்கில நூல்களுக்குள்ளும் முதலில் வாங்கச் சொல்வோம். அது படத்தொகுப்பு அன்று. படமெடுத்த வாழ்க்கையின் கதை. விலையும் எளியது, நடையும் எளியது. தலைவர்களைப் படமெடுக்க வாய்ப்புப் பெற்ற ஒருவர் பள்ளிப் பிள்ளைகளையும் உழைப்பாளிகளையும் வீட்டுப் பெண்களையும் தேடிப் போய் எடுத்தாரே, அதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். 1979இல் உலகக் குழந்தைகள் ஆண்டின்போது நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் அவருடைய குழந்தைப் படங்கள் வைக்கப்பட்டன. அவர் படங்களில் யாரும் கூனிக்குறுகி நிற்பதில்லை. எடுத்தவர்க்கும் எடுக்கப்பட்டவர்க்கும் இடையே ஏதோ ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்பது முகங்களிலே தெரிகிறது.

அன்பர்களே, இதுவரை கூறியவை எந்த ஊர்ச் சங்கத்திலும் கூறத்தக்கவை. இனிக் கூறப்போவது தங்கச் சுரங்கத்தின் நிழலில் வாழ்ந்த நமக்கென்றே உரியது.

1950இல் மார்கரெட் போர்க்-வைட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, லைஃப் என்னும் இதழுக்காகத் தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க் தங்கச் சுரங்கம் ஒன்றினுள் இறங்கினார். வியர்வை வழிய நின்ற கறுப்புத் தொழிலாளர் இருவரைப் படமெடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்று அது. அவ்விருவருக்கும் அப்படத்தில் பெயர் இல்லை. 1139 என்றும் 5122 என்றும் சுரங்கம் கொடுத்த எண்களாலேயே உலகம் அவர்களை அறியும். அம்மையார் அவர்களை இழிவுபடுத்த எண்ணியவர் அல்லர். அவர்களுடைய துயரை உலகுக்குக் காட்டவே அத்தனை ஆழம் இறங்கினார். எனினும் படம் நூல்தோறும் அச்சாகிறது. எண் எண்ணாகவே நிற்கிறது. நம் வீடுகளில் பழைய தகர டப்பாக்களில் கிடக்கும் டோக்கன்களை எடுத்துப் பாருங்கள். அந்த எண் எப்படிப்பட்டது என்பது நமக்கு விளக்கவேண்டாதது.

அந்நாட்டில் அப்போது பத்து வயதுச் சிறுவனாய் இருந்தவர் எர்னஸ்ட் கோல். கறுப்பினத்தவர், பிரிட்டோரியாவுக்கு அருகே பிறந்தவர். இளைஞராய் இருந்தபோது கார்ட்டியே பிரஸ்ஸோன் மாஸ்கோ மக்களைப் பற்றி வெளியிட்ட நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஒரு நூல்! அதைப் பார்த்து, தன் மக்களைப் பற்றி அப்படி ஒரு நூல் செய்யவேண்டும் என்று உறுதி பூண்டார். நியூயார்க்கில் இருந்த ஒரு புகைப்படப் பள்ளியில் தபால் வழியாகவே பாடம் கற்றார். கறுப்பர் தம் விருப்பப்படி நடமாடமுடியாத சட்டம் நிலவிய நாடு அது. ஆதலால் தம் குடும்பப் பெயரின் எழுத்தையே மாற்றிக்கொண்டு, கலப்பினத்தவர் என்று அரசுப் பதிவேட்டில் இடம்பெற்றார். உணவுப் பையில் காமிராவை மறைத்துத் தங்கச் சுரங்கத் தொழிலாளர் இருந்த இடங்களுக்குள் சென்றார். வேலைக்கு ஆளெடுக்கும்போது, மருத்துவச் சோதனை என்ற பெயரில் ஆடவரை ஆடையின்றி, கைகளை உயர்த்தி, சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கவைத்த காட்சியைப் படமாக்கினார். 1966இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1967இல் நியூயார்க்கில் ‘ஹவுஸ் ஆஃப் பாண்டேஜ்’, அதாவது அடிமை இல்லம், என்ற நூல் வெளிவந்தது. தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடைசெய்தது. கோல் மீண்டும் தாய்நாட்டைக் காணவில்லை. வறுமையில் உழன்று, சில காலம் வீடும் இல்லாமல், நெல்சன் மண்டேலா விடுதலையான அதே 1990 பிப்ரவரியில் நியூயார்க்கில் இறந்தார். வயது 49. 2017இல் சுவீடன் நாட்டு வங்கி ஒன்றின் பெட்டகத்தில் அவருடைய படங்களின் நெகட்டிவ்கள் ஏறத்தாழ 60,000 கிடைத்தன. 2022இல் நூல் மறுபதிப்புப் பெற்றது.

எங்கள் குழு இரண்டு மாதம் இந்நூலோடு வாழ்ந்தது. சுரங்கம் அதில் முதற்பகுதி மட்டுமே. ரயிலில் தொங்கிச் செல்வோர், அனுமதிச் சீட்டுக் கேட்டு மறிக்கும் போலீசார், தரையில் அமர்ந்து எழுதும் பள்ளிப் பிள்ளைகள், வெள்ளையர் வீட்டு வேலைக்காரப் பெண்கள் என்று தெருத்தெருவாக நூல் விரிகிறது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த வயலின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த அனுமதிச் சீட்டுப் படங்கள் புதியவை ஆகா. பார்க்கும்போது ஓர் உண்மை எங்களுக்கு உறைத்தது. நம் வயலின் பழைய படங்களென்று நாங்கள் கண்டவற்றுள் பெரும்பாலானவை இயந்திரங்கள், சுரங்க வாய்கள், துரைமார் பங்களாக்கள், மன்றங்கள். 1902இல் சிவனசமுத்திரத்து மின்சாரம் வந்ததற்குச் சான்று உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றதற்கும் சான்று உண்டு. லைன் வீட்டுக்குள் இரவுச் சமையல் எப்படி நடந்தது என்பதற்குப் படம் எங்கே? 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு வெறுமையான தெருக்களை எடுக்க வெளியூர்க் காமிராக்கள் நிறைய வந்தன. 2018இலும் 2022இலும் வந்த திரைப்படங்கள் நம் ஊர்ப் பெயரை நாடெங்கும் முழக்கின. பெயர் நம்முடையது, திரையிலே இருந்த தெரு நம்முடையது அன்று.

இதே வரிசையில் பிரேசில் நாட்டு செபஸ்டியாவோ சால்காடோவின் ‘வொர்க்கர்ஸ்’ என்னும் 1993ஆம் ஆண்டுப் பெருநூலையும் பார்த்தோம். 1986இல் செர்ரா பெலாடா தங்கப் பள்ளத்தில் ஆயிரமாயிரம் பேர் மண்மூட்டையோடு ஏணி ஏறும் படங்கள் அதில் உள்ளன. வியந்தோம். ஆனால் எங்களுள் இருவர், அந்த அழகில் மனிதர் எறும்பாகிவிட்டார் என்று குறைகூறினர், ஏனையோர் மறுத்தனர். வாதம் இன்னும் முடியவில்லை.

தாய்மார்கள் பலர் வந்திருக்கிறீர்கள். இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணவேண்டா. ஹோமாய் வியாரவாலா என்ற பார்சிப் பெண்மணி இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கக் காலத்தில் அவர் எடுத்த பம்பாய்ப் படங்கள் கணவர் பெயரிலேயே வெளிவந்தன! அவருடைய வரலாற்றைச் சபீனா கடிஹோக் எழுதிய ‘இந்தியா இன் ஃபோகஸ்’ என்ற 2006ஆம் ஆண்டு நூலில் காணலாம். நியூயார்க்கில் ஹெலன் லெவிட் என்பவர் ஏழைத் தெருக்களில் விளையாடும் பிள்ளைகளைப் படமெடுத்து, 1965இல் ‘எ வே ஆஃப் சீயிங்’ என்ற நூலாக்கினார். தெருவென்றால் துயரம் மட்டுமே என்று நினைக்கும் நம் இளைஞர்கள் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாய் வேலைசெய்த விவியன் மேயர், ஓய்வு நேரத்தில் எடுத்தவை 1,00,000க்கும் மேல், யாருக்கும் காட்டவில்லை. வாடகை கட்டாத கிடங்குப் பெட்டிகள் 2007இல் ஏலம் போனதால்தான் உலகம் அறிந்தது. அவர் 2009இல் இறந்தார். நூல் 2011இல் வந்தது. அவரையும் ஒருவரும் கேட்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்நூலைப் புரட்டுங்கள்.

தமிழில் என்ன உண்டு என்று நீங்கள் கேட்பது நியாயம். ஏ. கே. செட்டியார் என்ற பெயரை மூத்தோர் அறிவீர்கள். கோட்டையூர்க்காரர், குமரி மலர் ஆசிரியர், உலகம் சுற்றும் தமிழன். அவர் டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் கண்டமாய் அலைந்து, பிறர் எடுத்து மறந்துபோன படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940இல் அதை வெளியிட்டார். அந்த அலைச்சலை அவரே எழுதிய கட்டுரைகள், ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாகக் கிடைக்கின்றன. அதில் வீதிப் படம் எடுக்கும் முறை கூறப்படவில்லை. ஆனால் ஒரு படத்தைத் தேடிப்போய்ப் பெறுவதற்கு எத்தனை பணிவும் பொறுமையும் வேண்டும் என்பதை அதைவிட நன்றாகக் கூறும் தமிழ் நூலை நாங்கள் கண்டதில்லை. நம் வீட்டுப் பெட்டிகளிலும் படங்கள் தூங்குகின்றன அல்லவா? இக்காலத்தவருள் மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார், துப்புரவுத் தொழிலாளரையும் உழைக்கும் பெண்களையும் பல்லாண்டாகப் படமெடுத்து வருபவர். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் காமிராவைக் கையில் கொடுத்துக் கற்பித்தவர். 2022இல் தயானிதா சிங் பெயரால் அமைந்த ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே.

இத்துறையின் முழு வரலாறும் வேண்டுவோர்க்கு ஜோயல் மெயரோவிட்ஸும் காலின் வெஸ்டர்பெக்கும் எழுதிய ‘பைஸ்டாண்டர்’ உண்டு. 1994இல் முதற்பதிப்பு, 2017இல் திருத்திய பதிப்பு. தலையணை அளவு. எங்களுள் ஒருவரே அதை முழுதும் படித்தார். காமிராவை எப்படித் திருப்பவேண்டும், எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று கூறும் நூல்களை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அதைப் பக்கத்து வீட்டுத் தம்பியே கற்றுக்கொடுத்துவிடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன் எர்னஸ்ட் கோலின் நூலை எடுத்துக்கொண்டு, அந்த மாணவரையும் அழைத்துக்கொண்டு, மூதாட்டியின் வீட்டுக்குப் போனோம். அவருடைய கணவர் சுரங்கத்தினுள் இறங்கி வேலைசெய்தவர். திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஆடையின்றி வரிசையில் நின்றோர் படம் வந்தது. அதைப் பார்த்தவுடன் தம் உள்ளங்கையை அதன்மேல் விரித்து மூடிக்கொண்டார். “இவங்க பேரெல்லாம் போட்டிருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “எடுத்தவன் யாரு? அவங்க ஆளா?” என்றார். ஆம் என்றோம். கையை எடுத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். எந்தக் கருத்தும் கூறவில்லை.

பழைய படத்தைத் திரும்ப மாட்ட அவர் இசையவில்லை. அதன் பிரதியைக் கேட்டு வாங்கித் தம் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். வேண்டுமானால் விழித்திருக்கும்போது எடுக்கலாம். ஆனால் குழாயடியில் நிற்கும் எல்லாரையும் சேர்த்து எடுக்கவேண்டும். எல்லார் பெயரையும் கீழே எழுதவேண்டும். ஆளுக்கொரு பிரதி கொடுக்கவேண்டும் என்றார். அந்தப் படம் இவ்வாண்டு கயிற்றில் மூன்றாவதாகத் தொங்குகிறது. கீழே 11 பெயர்கள் உள்ளன. பழைய படத்தளவு இது நன்றாக அமையவில்லை என்று எடுத்தவரே சொல்கிறார். நாங்களும் அதை மறுக்கவில்லை.

இவ்வுரையில் கூறிய நூல்களுள் ஆறு எங்கள் படிப்பகத்தில் உள்ளன. விழா முடியும் வரை பின்வரிசை மேசையில் இருக்கும். விருந்து உண்டபின் பார்க்க வருவோர் கைகளைத் துடைத்துவிட்டுப் புரட்டுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். நாளை முதல் குடும்பத்துக்கு ஒரு நூல் வீதம் 15 நாள் இரவல் தரப்படும். நூலைத் திருப்பித் தரும்போது உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய தெருப் படம் ஒன்றையும், அதில் உள்ளோர் பெயர்களைப் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.